நிரந்தர முகவரி

கொழுந்து மடுவத்துச் சுவரில் அறிவித்தல்.
சிங்களத்தில் இரண்டு பக்கம், இங்கிலீசில் மூன்று,
தமிழில் அடியில் ஒரே ஒரு வரி:
ஆட்சேபனை இருப்பின் முப்பது நாட்களுக்குள்.
நாங்கள் பார்த்த அன்று
பதினொன்று கழிந்திருந்தது.

விறகை எரித்துக் கரண்டு எடுப்பார்களாம்.
பழைய ஸ்டோர் இருந்த மேட்டில்,
பீலிக்கு மேலே,
மூன்றாம் நம்பர் லயத்திலிருந்து
கூப்பிடு தூரத்தில்.

பச்சை மின்சாரம் என்றார்
படம் காட்ட வந்தவர்.
திரையில் புகைக்கூண்டு அத்தனை வெள்ளை.
அதிலிருந்து வருவது நீராவி மட்டும்தான் என்றார்.
கச்சான் அடிக்கும்போது அது எந்தப் பக்கம் போகும்
என்று புனிதமலர் கேட்டாள்.
அவர் அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்த படத்தில் எங்கள் விறகு இருந்தது.

கவ்வாத்து மலையில் வெட்டிப் போட்ட மிலாறு,
வேலை விட்டு வரும்போது சும்மாடு கூட்டிச் சுமந்து
மழைக்கு முன்னே அட்டலில் அடுக்குகிறோமே, அது.
அங்கே அதற்குப் பெயர்
பயன்படாத எச்சம்.
வருடத்துக்கு இத்தனை தொன் என்றொரு கணக்கு.
தொன் எனக்குத் தெரியாது.
ஒரு கட்டு எவ்வளவென்று
என் உச்சந்தலைக்குத் தெரியும்.

நாற்பது பேருக்கு வேலை என்கிறான் தம்பி தயாபரன்.
கொழும்புக் கடையில் தட்டுக் கழுவுகிறவன்,
தீபாவளி லீவுக்கு வந்தவன்,
விரலிடுக்கெல்லாம் வெந்து வெளிறிய கை.
அவனுக்கு என்ன பதில் சொல்வது?
சொல்லவில்லை நான்.
அவன் பக்கம் திரும்பாமல்
எழுதிக்கொண்டிருந்தேன்.

என் கையெழுத்து அழகென்று
எழுபத்திரண்டு குடும்பமும் என்னிடம் வந்தன.
பகலில் பிள்ளைக்காம்பராவில்
ஏணையை ஒரு காலால் ஆட்டியபடி ஒவ்வொன்றாய்.
பீலித் தண்ணீருக்காக ஒன்று.
பள்ளிக்கூடப் பாதையில் ஓடப்போகும் லொறிக்காக ஒன்று.
இருமிக்கொண்டே சொன்னார் மூக்கையா:
"பேரேட்டில் அட்வான்ஸ் பிடித்த மாதிரி
மூச்சையும் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று போடு."
எழுதினேன். மரியாதை இல்லையோவென்று வெட்டினேன்.
வெட்டியதற்கு மேலேயே
திரும்பவும் எழுதினேன்.

எல்லாத் தாளிலும் கடைசியில் ஒரு கோடு:
நிரந்தர முகவரி.

லயத்துக்கு நம்பர் உண்டு.
காம்பராவுக்குக் கிடையாது.
பெயரும் டிவிசனும் தோட்டமும் எழுதினால்
பதில் தோட்ட ஆபீசுக்கு வரும்.
மேட்டைக் குத்தகைக்குக் கொடுத்ததும்
அதே ஆபீஸ்தான்.
எங்கள் எதிர்ப்புக்கான பதிலை
அவர்களே பிரித்து வாசித்துவிட்டு,
மனம் வந்தால் கொடுப்பார்கள்.

இருபத்தாறாம் நாள்
கீழ்க் கிராமத்து விமலதாச மேலே ஏறி வந்தார்.
அவருடைய போஞ்சிப் பாத்திக்கும்
எங்கள் பீலியின் மிச்சத் தண்ணீர்தான்.
பாதித் தமிழில் சொன்னார்:
"நம்ம வூட்டு நம்பர் போடு."
நாற்பத்தெட்டின் கீழ் மூன்று, பன்சலை ரோடு.
எழுபத்திரண்டு தடவை எழுதினேன்.
கடைசியில் கை தானாகவே எழுதியது,
அங்கேயே பிறந்தவள் போல.

பண்டாரவளைக் கந்தோரில் கிளார்க்கர்
கட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.
ஒரே வீட்டில் எழுபத்திரண்டு குடும்பம்
எப்படியம்மா இருக்கிறீர்கள்?

"பழக்கம்தான்" என்றாள் புனிதமலர்.

முத்திரை குத்தினார்.
சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை,
குனிந்திருந்தார்.

மேட்டில் இப்போது நாலு முளைக்குச்சி,
உச்சியில் சிவப்புத் துணி.
யாரோ ஒன்றைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார்கள்.
யாரென்று யாரும் கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை இரவு தயாபரன் போன் எடுப்பான்.
பதில் வந்ததா என்பான்.
வரவேண்டும் என்று கேட்கிறானா
வரக்கூடாது என்று கேட்கிறானா,
குரலில் பிடிபடாது.

வேலை விட்டதும் பன்சலை ரோட்டுக்கு இறங்கி
விமலதாசவின் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.
தண்ணீர் பில் ஒன்று.
நேற்றிருந்த அதே பல்லி.